4 மணி நேரம் என்று கணக்கு போட்டால் 5 மணி நேரம் ஆவது ஏன்? இ.வி. சார்ஜிங் நேரத்தை நீங்களே கணக்கிடுவது எப்படி?

2024 ஜூன் 4. மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். டேட்டா டீமில் வேலை பார்ப்பவர்களுக்கு அன்று தீபாவளியும் பரீட்சையும் ஒரே நாளில் வந்த மாதிரி. காலை 5 மணிக்கு நான் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். முந்தைய இரவு வேலை முடிந்து வந்து, என் மின்சார ஸ்கூட்டரை சார்ஜில் போடும்போது மணி 2.30. பேட்டரியில் 4 சதவீதம்தான் பாக்கி.

தூக்கக் கலக்கத்திலும் கணக்கு போட்டேன். பேட்டரி 3 யூனிட். சார்ஜர் 750 வாட். 3-ஐ 0.75-ஆல் வகுத்தால் 4 மணி நேரம். அப்படியென்றால் இரண்டரை மணி நேரத்தில் 62 சதவீதம் ஏறும். ஏற்கெனவே இருந்த 4-ஐச் சேர்த்தால் 66. முழு சார்ஜில் 80 கிலோமீட்டர் ஓடும் வண்டி, 66 சதவீதத்தில் 53 கிலோமீட்டர் ஓடும். ஆபீஸ் போய்வர 50 கிலோமீட்டர். போதும்!

காலையில் பார்த்தால் ஸ்கிரீனில் 52 சதவீதம். வேறு வழியில்லாமல் கிளம்பினேன். அன்று இரவு 11 மணிக்கு, வீட்டுக்கு 8 கிலோமீட்டர் இருக்கும்போது சர்வீஸ் ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. நாள் முழுக்க நாட்டுக்கே சதவீதக் கணக்கு சொன்ன ஆள், சொந்த வண்டியின் சதவீதத்தில் கோட்டைவிட்டது அப்படித்தான்.

வண்டியில் எந்தப் பழுதும் இல்லை. நான் போட்ட கணக்கில்தான் ஒரு எண் விடுபட்டிருந்தது. அது என்ன எண், உங்கள் வண்டிக்கு அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், யூனிட் வேறு, கிலோவாட் வேறு

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். பேட்டரியின் அளவை கிலோவாட்-ஹவரில் சொல்வார்கள். சார்ஜரின் வேகத்தைக் கிலோவாட்டில் சொல்வார்கள். இரண்டும் கேட்க ஒரே மாதிரி இருப்பதால் பலரும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது கிலோவாட்-ஹவர். குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது கிலோவாட். ஒரு கிலோவாட் சார்ஜர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட்-ஹவர் மின்சாரம் செலவாகும். உங்கள் கரண்ட் பில்லில் 'ஒரு யூனிட்' என்று வருவதும் இதேதான். அதனால் இனி யூனிட் என்றே சொல்கிறேன்.

அடிப்படைச் சூத்திரம் இது:

ஏற்ற வேண்டிய யூனிட் ÷ சார்ஜரின் கிலோவாட் = நேரம்

'ஏற்ற வேண்டிய' என்பதைக் கவனியுங்கள். 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றுவதாக இருந்தால், பேட்டரி அளவில் 60 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

சூத்திரம் சொல்வதும் நிறுவனம் சொல்வதும்

இந்தச் சூத்திரத்தை, சந்தையில் நன்கு தெரிந்த சில வண்டிகளில் போட்டுப் பார்த்தேன். நிறுவனங்களே விளம்பரத்தில் சொல்லும் சார்ஜிங் நேரத்தைப் பக்கத்தில் வைத்தேன்.

• ஓலா எஸ்1 ப்ரோ (இரண்டாம் தலைமுறை): 4 யூனிட் பேட்டரி, 750 வாட் சார்ஜர். வகுத்தால் 5 மணி 20 நிமிடம். நிறுவனம் சொல்வது ஆறரை மணி நேரம். 1.22 மடங்கு.

• எம்.ஜி. காமெட்: 17.3 யூனிட், 3.3 கிலோவாட். வகுத்தால் 5 மணி 15 நிமிடம். நிறுவனம் சொல்வது 7 மணி நேரம். 1.34 மடங்கு.

• டாடா நெக்ஸான் இ.வி. (2023-இல் வந்த 40.5 யூனிட் மாடல்), வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் 10 முதல் 100 சதவீதம் வரை: 3.3 கிலோவாட் என்று வைத்தால் 11 மணி நேரம். நிறுவனம் சொல்வது சுமார் 15 மணி நேரம். 1.36 மடங்கு.

• அதே கார், 7.2 கிலோவாட் வால்பாக்ஸில் 10 முதல் 100 வரை: வகுத்தால் 5 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நிறுவனம் சொல்வது சுமார் 6 மணி நேரம். 1.19 மடங்கு.

• அதே கார், 50 கிலோவாட் டி.சி. ஃபாஸ்ட் சார்ஜரில் 10 முதல் 80 வரை: வகுத்தால் 34 நிமிடம். நிறுவனம் சொல்வது 56 நிமிடம். 1.65 மடங்கு.

ஒன்றில்கூட சூத்திரம் சொன்ன நேரத்தில் வேலை முடியவில்லை. ஆனால் தாமதத்திலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வீட்டில் போடும் மெதுவான சார்ஜிங்குக்கு 1.2-இலிருந்து 1.35 மடங்கு. டி.சி. ஃபாஸ்ட் சார்ஜிங்குக்கு 1.6 மடங்குக்குப் பக்கத்தில்.

நான் அன்று மறந்த எண் இதுதான். 4 மணி நேரத்தை 1.3-ஆல் பெருக்கியிருந்தால் 5 மணி 12 நிமிடம் வந்திருக்கும். அதில் இரண்டரை மணி நேரத்துக்கு 48 சதவீதம், முன்பிருந்த 4, ஆக 52. ஸ்கிரீனில் தெரிந்த அதே எண்.

அந்த மீதி நேரம் எங்கே போகிறது?

மூன்று இடங்களில் போகிறது.

ஒன்று, வெப்பம். வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்குள் போக வேண்டியது நேர்திசை மின்சாரம். மாற்றும் வேலையை சார்ஜர் செய்கிறது. அந்த மாற்றத்தில் சுமார் 10 முதல் 15 சதவீதம் வரை வெப்பமாக வெளியேறிவிடும். சார்ஜரைத் தொட்டால் சுடுவது இதனால்தான். கூடவே, சார்ஜிங் நடக்கும்போது கூலிங் ஃபேன், பம்ப், கட்டுப்பாட்டு எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும்.

இரண்டு, கடைசிக் கட்டத்தின் மெத்தனம். ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டியை யோசித்துப் பாருங்கள். காலியாக இருக்கும்போது 50 பேர் ஒரே நிமிடத்தில் ஏறிவிடுவார்கள். கடைசி 10 பேர் இடம் தேடி, நகரச் சொல்லி, உட்காருவதற்குள் வண்டியே கிளம்பிவிடும். லித்தியம் பேட்டரியும் அப்படித்தான். நிரம்ப நிரம்ப, உள்ளே விடும் கரண்டை பேட்டரி மேலாண்மை அமைப்பு படிப்படியாகக் குறைக்கும். செல்களுக்கு இடையே சமநிலை செய்வதும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். '99 சதவீதத்திலேயே அரை மணி நேரமா நிக்குது' என்று கவலைப்படாதீங்க. அது பழுதல்ல.

மூன்று, வோல்டேஜும் வெயிலும். 15 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட் வந்தால் அதிகபட்சம் 3.45 கிலோவாட் எடுக்கலாம். கோடைக்கால இரவில் ஊரே ஏர் கண்டிஷனர் போட்டு வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் அதே பிளக்கில் 3 கிலோவாட்தான். அதோடு, வெயிலில் ஓடி வந்து சூடாக இருக்கும் பேட்டரி, ஆறும்வரை வேகமாக ஏற விடாது. மே மாத நாக்பூரிலும் டிசம்பர் பெங்களூரிலும் ஒரே வண்டி ஒரே நேரத்தில் சார்ஜ் ஆகாது.

பெரிய சார்ஜர் போட்டால் சீக்கிரம் ஏறுமா?

வண்டி ஒத்துக்கொண்டால்தான் ஏறும். அபார்ட்மெண்டில் 7.2 கிலோவாட் பாக்ஸ் வைத்துவிட்டார்கள், இனி காமெட்டின் 7 மணி நேரம் பாதியாகிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வீட்டு மின்சாரத்தை மாற்றும் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. அதன் திறன் 3.3 கிலோவாட் என்றால், சுவரில் எவ்வளவு பெரிய பாக்ஸ் இருந்தாலும் 3.3-தான் எடுக்கும். சூத்திரத்தில் போட வேண்டியது சுவரின் திறன், வண்டியின் திறன் இரண்டில் எது சிறியதோ அது.

காமெட்டிலேயே பின்னர் 7.4 கிலோவாட் வசதியுள்ள வேரியண்ட்கள் வந்தன. அதனால் கார் வாங்கும்போது பேட்டரி அளவை மட்டும் கேட்காமல், 'ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட்?' என்றும் கேளுங்கள். ஷோரூமில் அதிகம் பேர் கேட்காத கேள்வி இது.

டி.சி. ஃபாஸ்ட் சார்ஜர் காருக்குள் இருக்கும் சார்ஜரைத் தாண்டி, நேரே பேட்டரிக்குக் கொடுக்கிறது. அங்கேயும் இதே விதி உண்டு. 120 கிலோவாட் நிலையத்தில் போட்டாலும், 50-க்கு மேல் வாங்காத கார் 50-தான் வாங்கும். இன்னொரு பொறியும் இருக்கிறது. '60 கிலோவாட்' என்று போர்டு போட்ட இயந்திரத்தில் இரண்டு கன் இருக்கும். பக்கத்தில் இன்னொரு கார் வந்து சேர்ந்தால், பல இடங்களில் ஆளுக்கு 30 என்று பிரிந்துவிடும்.

பெங்களூரு - கோவை: ஒரு நிஜக் கணக்கு

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. பெங்களூரிலிருந்து கோவைக்கு சுமார் 360 கிலோமீட்டர். கையில் 40.5 யூனிட் கார், முழு சார்ஜ். நெடுஞ்சாலை வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மொத்தத் தேவை 54 யூனிட். பேட்டரியில் இருப்பது 40.5. அப்படியானால் வழியில் ஒரு முறையாவது நிறுத்தியாக வேண்டும்.

சேலம் வரை சுமார் 200 கிலோமீட்டர். அதற்கு 30 யூனிட். சேலத்தில் 25 சதவீதம் மிச்சம் இருக்கும். அங்கே 80 வரை ஏற்றினால் 55 சதவீதம், அதாவது 22 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 50 கிலோவாட் டி.சி.யில் வகுத்தால் 27 நிமிடம். 1.6-ஆல் பெருக்கினால் 43 நிமிடம். சாப்பிட்டு, காபி குடிக்கச் சரியான நேரம். அங்கிருந்து கோவை வரை இன்னும் 160 கிலோமீட்டர், 24 யூனிட். வீட்டு வாசலில் நிற்கும்போது 20 சதவீதம் கையில் இருக்கும்.

சேலத்தில் 'எதுக்கும் 100 ஆக்கிடலாம்' என்று தோன்றும். வேண்டாம். 80-க்கு மேல் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். கடைசி 20 சதவீதத்துக்கு நீங்கள் காத்திருக்கும் நேரம், முதல் 50 சதவீதத்துக்கு ஆன நேரத்தைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. பின்னால் இன்னும் நான்கு கார்கள் காத்திருக்கும், அவர்களும் ஊருக்குத்தான் போகிறார்கள்.

அதே நிலையத்தில் திறன் பிரிந்து 25 கிலோவாட்தான் வந்தால்? 22-ஐ 25-ஆல் வகுத்தால் 53 நிமிடம். வேகம் ஏற்கெனவே குறைவு என்பதால் மடங்கு 1.25 போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பண்டிகை நாளில் கிளம்பினால் இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும் நேரம் தனி.

லெட்-ஆசிட் பேட்டரிக்கு வேறு கணக்கு

டெல்லியிலோ லக்னோவிலோ மெட்ரோவிலிருந்து இறங்கினால் உங்களை வீடு சேர்ப்பது பெரும்பாலும் ஓர் இ-ரிக்ஷா. அவற்றில் இன்றும் நிறைய ஓடுவது லெட்-ஆசிட் பேட்டரியில். நான்கு 12 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்து 48 வோல்ட். இதில் அளவை யூனிட்டில் சொல்லாமல் ஆம்பியர்-ஹவரில் சொல்வார்கள். வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். 48 வோல்ட், 130 ஆம்பியர்-ஹவர் என்றால் சுமார் 6.2 யூனிட்.

நாள் முழுக்க ஓடி 80 சதவீதம் தீர்ந்துவிட்டது என்றால் 104 ஆம்பியர்-ஹவர் ஏற்ற வேண்டும். 15 ஆம்பியர் சார்ஜரில் வகுத்தால் 7 மணி நேரம். லெட்-ஆசிட்டுக்கும் 1.3 மடங்கு போட்டால் 9 மணி நேரம். இரவு 10 மணிக்குப் போட்டால் காலை 7 மணி. முதல் சவாரிக்காக 5 மணிக்கே பிளக்கைப் பிடுங்கினால், அன்றைய ஓட்டம் குறைவது மட்டுமல்ல. லெட்-ஆசிட் பேட்டரி முழுதாக ஏறாமலே ஓடிக்கொண்டிருந்தால், தகடுகளில் சல்ஃபேட் படிந்து சீக்கிரமே செத்துவிடும். அந்த ஓட்டுநருக்கு இந்த இரண்டு மணி நேரம் என்பது அடுத்த பேட்டரி செட்டுக்கான செலவு.

உங்கள் பெட்ரோல் காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போனாலும் இதே முறைதான். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3.5 ஆம்பியர் சார்ஜர் பாதுகாப்பான அளவு. பாதி தீர்ந்திருந்தால் 17.5-ஐ 3.5-ஆல் வகுத்து 5, அதை 1.3-ஆல் பெருக்கி ஆறரை மணி நேரம். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், ஏனென்றால் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

லித்தியம் இதற்கு நேர் எதிர். பாதியில் பிடுங்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதிலும் என்.எம்.சி. வகை பேட்டரிக்கு தினசரி 80 சதவீதத்தில் நிறுத்துவது நல்லது. எல்.எஃப்.பி. வகைக்கு அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள். அப்போதுதான் மிச்சம் எவ்வளவு என்பதை அந்த அமைப்பால் சரியாகக் காட்ட முடியும். உங்களுடையது எது என்பது மேனுவலில் இருக்கும்.

பில் எவ்வளவு வரும்?

நேரத்தில் மட்டுமல்ல, பணத்திலும் அந்த விரயம் சேரும். நெக்ஸானில் 10 முதல் 100 வரை ஏற்ற, பேட்டரிக்குள் போவது 36.5 யூனிட். ஆனால் உங்கள் மீட்டரில் ஓடுவது சுமார் 42. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 336 ரூபாய். பல மாநிலங்களில் யூனிட் கூடக்கூட கட்டணமும் அடுத்த படிக்குத் தாவும். அதனால் இ.வி. வந்த பிறகு உங்கள் யூனிட் விலை எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பழைய பில்லை வைத்து முடிவு செய்யாதீங்க.

மின்சார வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஆனால் பொது நிலையத்தில் சார்ஜ் செய்யும் சேவைக்கு 18 சதவீதம். ஆப்பில் காட்டும் விலை வரியோடா, வரி இல்லாமலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் எந்தப் பிளக்கில் போடலாம்?

இங்கே கணக்கு தப்பினால் நேரம் மட்டும் போகாது. 750 வாட் ஸ்கூட்டர் சார்ஜர் எடுப்பது 3.3 ஆம்பியர். சாதாரண சின்ன பிளக் தாங்கும். 3.3 கிலோவாட் கார் சார்ஜர் எடுப்பது 14 ஆம்பியருக்கு மேல். கீசர் போடும் பெரிய பிளக்தான் வேண்டும். கீசர் பதினைந்து நிமிடத்தில் அணைந்துவிடும், காரோ இரவு முழுக்க இழுக்கும். லூஸான சாக்கெட், மெல்லிய ஒயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கன்வெர்ட்டர் பிளக் எல்லாம் சூடாகி உருகுவது இப்படித்தான். 7.2 கிலோவாட் என்றால் 31 ஆம்பியர். தனி லைன், தனி எம்.சி.பி., முறையான எர்த் இல்லாமல் நினைத்தே பார்க்க வேண்டாம்.

முதல் நாள் சார்ஜில் போட்ட அரை மணி நேரம் கழித்து பிளக் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால், உடனே அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

2022-இல் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, பேட்டரி பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ்.156 விதிகள் கடுமையாக்கப்பட்டன. அவை 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய பழைய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. கழற்றி எடுக்கும் பேட்டரியைக் கட்டில் பக்கத்திலோ, வெளியேறும் கதவுக்கு அருகிலோ வைத்து சார்ஜ் போடாதீங்க. தீ பிடித்தால் ஓட வழி இருக்க வேண்டும்.

ஹவுஸ் ஓனரிடம் பேசும்போது உதவும் ஒரு தகவல்: வீட்டிலோ ஆபீஸிலோ ஏற்கெனவே இருக்கும் மின் இணைப்பிலேயே வண்டியை சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தனி இணைப்பு கட்டாயம் இல்லை. பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து ஒரு லைன் இழுத்து, சப்-மீட்டர் வைத்துத் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். 'கரண்ட் பில் யார் கட்டுறது?' என்ற முதல் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

உங்கள் வண்டியின் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள்

1.3 என்பது நல்ல தொடக்கம். ஆனால் உங்கள் வீட்டு வோல்டேஜ், உங்கள் ஊர் வெயில், உங்கள் பேட்டரியின் வயது எல்லாம் சேர்ந்த எண் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போதும்.

1. பேட்டரி 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது சார்ஜ் போடுங்கள். சதவீதத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் குறியுங்கள். 20 என்பது 52 ஆகியிருந்தால், மணிக்கு 16 சதவீதம்.

3. இனி உங்களுக்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம். 80 வரை ஏற்ற மீதி 28 சதவீதம். 16-ஆல் வகுத்தால் 1 மணி 45 நிமிடம்.

4. 80-க்கு மேல் போக வேண்டுமென்றால், வரும் நேரத்தோடு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. கோடையில் ஒரு முறை, குளிர்காலத்தில் ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டில் மோசமான எண்ணை வைத்தே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

என் ஸ்கூட்டருக்கு இப்போது அந்த எண் மணிக்கு 19 சதவீதம். சார்ஜர் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாக்கு எண்ணிக்கைக்கு முந்தைய நாள் இரவு, ஆபீஸிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை அந்தச் சுவர்தான் முடிவு செய்யும்.